மணலியிலிருந்து ருவைஸ் வரை: முதல் வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

போன மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் எங்கள் தெருத் தம்பி ஒருவன் போனைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தான். "அண்ணா, விசா வந்துடுச்சு. நாளைக்குள்ள மீதி எண்பதாயிரம் கட்டச் சொல்றாங்க. அம்மா நகையை வைக்கப் போயிருக்காங்க." போனை வாங்கிப் பார்த்தேன். துபாய் விசாதான், போலி இல்லை. ஆனால் அறுபது நாள் விசிட் விசா. அதில் கம்பெனி பெயரும் இல்லை, வேலையின் பெயரும் இல்லை. உடனே அம்மாவுக்குப் போன் போட்டு அடகுக் கடையிலிருந்து திரும்பி வரச் சொன்னோம்.

நான் தண்டையார்பேட்டைக்காரன். மணலியில் வெல்டருக்கு ஹெல்ப்பராக ஆரம்பித்து, 2012இல் அபுதாபியின் ருவைஸுக்கு பைப் வெல்டராகப் போனேன். ஒன்பது வருடம் அங்கே வேலை. அங்கே போவதற்கு முந்தைய வருடம் நானும் ஏமாந்தவன்தான். மண்ணடியில் ஒரு மாடி அறையில் அறுபதாயிரம் கொடுத்தேன். பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஐந்து மாதம் நடையாய் நடந்தேன். ஒரு நாள் போனால் பூட்டு தொங்குகிறது. அந்தப் பணம் என் அக்கா சீட்டு எடுத்துக் கொடுத்தது. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்தில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "விசாவுக்கு எவ்வளவு ஆகும்?" என்பது. கேட்க வேண்டியது அது இல்லை. "என் தொழிலுக்கு அங்கே எவ்வளவு சம்பளம் கொடுப்பார்கள்?" என்று கேளுங்கள். விசா வாங்கும் பொருள் இல்லை. உங்கள் கைத்தொழிலை நம்பி கம்பெனி கொடுப்பது அது.

முதல் படி: போவதற்கு முன் ஒரு வருடம் இங்கே

வடசென்னைப் பையனுக்கு இருக்கும் பெரிய வசதியை நாம் கவனிப்பதே இல்லை. மணலியில் சுத்திகரிப்பு ஆலையும் உரத் தொழிற்சாலையும், எண்ணூரில் அனல்மின் நிலையங்களும் காமராஜர் துறைமுகமும், பெரம்பூரில் ரயில் பெட்டி கட்டும் ஐ.சி.எஃப்.பும் இருக்கின்றன. வளைகுடாவில் நடக்கும் அதே பைப்லைன், ஸ்கேஃபோல்டிங், டேங்க் வேலைதான் இங்கே ஷட்டவுன் நேரத்தில், அதாவது பராமரிப்புக்காக ஆலையை நிறுத்தும்போது, நடக்கிறது. இங்கே இரண்டு ஷட்டவுன் பார்த்தவனுக்கு அங்கே போனால் கை நடுங்காது.

ஆனால் அனுபவத்துக்குச் சான்று வேண்டும். காண்ட்ராக்டர்கள் தாமாகக் கடிதம் தர மாட்டார்கள். வேலை முடிந்து கணக்கு தீர்க்கும் அன்றே கேளுங்கள். லெட்டர்ஹெட்டில் உங்கள் பெயர், வேலை, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று இருந்தால் போதும். தர மறுத்தால், பி.எஃப். பிடித்திருக்கிறார்களா என்று பாருங்கள். பி.எஃப். கணக்கின் யு.ஏ.என். பாஸ்புக்கில் கம்பெனி பெயரும் மாதங்களும் பதிவாகியிருக்கும். அதுவும் நல்ல சான்று. கேட் பாஸைத் திருப்பிக் கொடுக்கும் முன், வெளியே வந்ததும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் டிரேடு டெஸ்ட், அதாவது தொழிலைச் செய்து காட்டும் தேர்வு. என் டெஸ்ட் எனக்கு இன்றும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. அது 6ஜி வெல்டிங். 6ஜி என்றால் பைப்பை 45 டிகிரி சாய்வில் அசையாமல் கட்டிவிடுவார்கள். பைப்பைத் திருப்ப முடியாது, நாம்தான் சுற்றி வர வேண்டும். ரூட்டை, அதாவது இணைப்பின் அடியில் போடும் முதல் வெல்டை, டிக் வெல்டிங்கில் போட்டு, மேலே 7018 என்ற வெல்டிங் ராடு ஓட்ட வேண்டும். முடித்ததும் இன்ஸ்பெக்டர் மேலே இருக்கும் கேப்பைப் பார்க்கவே இல்லை. டார்ச்சை எடுத்து பைப்புக்குள்ளே அடித்தார். ரூட் உள்பக்கம் ஒரே சீராக மெல்லிய வரி மாதிரி எழும்பியிருக்க வேண்டும். குழி விழுந்தால் ஃபெயில், கட்டி கட்டியாகத் தொங்கினாலும் ஃபெயில். நான் முதல் தடவை தோற்றேன். மூன்று மாதம் இரவு ஷிஃப்ட் முடிந்ததும் வேஸ்ட் பைப் துண்டுகளில் ரூட் மட்டும் போட்டுப் பழகினேன். இரண்டாவது தடவை பாஸ். ஹெல்ப்பராகப் போயிருந்தால் வாங்கியிருக்கக்கூடிய சம்பளத்தைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் அந்த ஒரு ரூட் எனக்கு வாங்கிக் கொடுத்தது.

எலெக்ட்ரீஷியன், பிளம்பர், ஏசி மெக்கானிக் எல்லோருக்கும் இதேதான். சவுதிக்குப் போக பிளம்பர், எலெக்ட்ரீஷியன், வெல்டர் போன்ற தொழில்களுக்கு இப்போது இந்தியாவிலேயே தகாமுல் என்ற சவுதித் திறன் தேர்வு எழுதிப் பாஸாக வேண்டும். எழுத்தும் உண்டு, செய்முறையும் உண்டு.

இரண்டாம் படி: பாஸ்போர்ட், அதில் இசிஆர்

பாஸ்போர்ட் இன்னும் எடுக்கவில்லையென்றால் இன்றே விண்ணப்பியுங்கள். நமக்கு அமைந்தகரை சேவா கேந்திரா பக்கம். சாதாரண 36 பக்கப் புத்தகத்துக்கு 1,500 ரூபாய். பெயரில் கவனம் தேவை. பள்ளிச் சான்றிதழில் 'எஸ். குமார்' என்று இருக்கும், ஆதாரில் வேறு மாதிரி இருக்கும். இனிஷியலை அப்பா பெயராக விரித்து, எல்லாக் காகிதத்திலும் ஒரே மாதிரி ஆக்கிவிட்டுப் பாஸ்போர்ட் எடுங்கள். பின்னால் திருத்த அலைவது பெரும் பாடு.

பத்தாவது பாஸ் ஆகாதவர்களின் பாஸ்போர்ட்டில் இசிஆர் என்று இருக்கும். குடிபெயர்வுச் சோதனை தேவை என்று பொருள். சவுதி, ஐக்கிய அரபு அமீரகம், கத்தார், குவைத், ஓமன், பஹ்ரைன், மலேசியா, தாய்லாந்து உள்பட 18 நாடுகளுக்கு இவர்கள் வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி வேண்டும். 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி வந்த ஏற்பாடு இது. சிங்கப்பூர் இந்தப் பட்டியலில் இல்லை.

இங்கே ஒரு நுணுக்கம். இரண்டு வருட ஐ.டி.ஐ. சான்றிதழ் இருந்தாலும் இசிஆர் தேவையில்லை. ஃபிட்டர் படிப்பு இரண்டு வருடம், பிரச்சினை இல்லை. ஆனால் வெல்டர் படிப்பு ஒரு வருடம்தான், எட்டாவது படித்தாலே சேரலாம். எட்டாவது முடித்து வெல்டர் ஐ.டி.ஐ. படித்த தம்பிகள் இசிஆரில்தான் இருப்பார்கள். இதைத் தெரிந்துகொண்டு சிலர் போலி பத்தாவது மார்க்‌ஷீட் வாங்கப் பார்க்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். தனித்தேர்வராக எழுதிப் பாஸ் பண்ணுங்கள், ஒரு வருடம்தான். என்னைக் கேட்டால் முதல் தடவை போகிறவனுக்கு இசிஆர் ஒரு பாதுகாப்பு. உங்கள் ஒப்பந்தத்தை அரசாங்கம் ஒரு தடவை பார்த்துத்தான் அனுப்புகிறது.

மூன்றாம் படி: ஏஜென்ட்டைச் சோதிப்பது

வெளிநாட்டுக்கு ஆள் எடுக்க மத்திய அரசின் உரிமம் வேண்டும். அந்த உரிமம் வாங்க ஏஜென்சி 50 லட்சம் ரூபாய் வரை வங்கி உத்தரவாதம் கட்டியிருக்கும். உரிமம் உள்ளவர்களின் பட்டியல் இ-மைக்ரேட் என்ற அரசு இணையதளத்தில் இருக்கிறது. போர்டில் எழுதியிருக்கும் எண்ணை அப்படியே நம்பாதீர்கள். தளத்தில் தேடி, பெயர், முகவரி, உரிமம் நடப்பில் இருக்கிறதா என்ற மூன்றையும் ஒப்பிடுங்கள். இன்னொரு ஏஜென்சியின் எண்ணைத் தன் போர்டில் போட்டுக்கொள்பவர்களும் உண்டு. அந்த முகவரிக்கு நேரில் போய்க் கேளுங்கள்: "இன்னார் உங்கள் ஆள்தானா?"

நம் தெருவில் டீக்கடையில் வந்து ஆள் பிடிப்பவர் பெரும்பாலும் சப்-ஏஜென்ட். அப்படி ஒரு வேலைக்கே சட்டத்தில் இடமில்லை. அவர் சொந்தக்காரராக இருக்கலாம், நல்லவராகக்கூட இருக்கலாம். ஆனால் பணம் அவர் கையில் போனால் ரசீது கிடையாது, ரசீது இல்லையென்றால் புகார் கொடுக்கும்போது காட்ட ஒன்றும் இருக்காது.

உரிமம் பெற்ற ஏஜென்சி உங்களிடம் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி. ஆக மொத்தம் 35,400. ரசீது தர வேண்டும். எங்கள் பக்கத்தில் ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் கொடுத்துவிட்டு "நியாயமான ரேட்டுதான்" என்று சொல்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. அமீரகத்தின் 2021ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டமே, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வசூலிக்கக் கூடாது என்று சொல்கிறது. பாஸ்போர்ட்டையும் அடமானம் மாதிரி யாரும் வைத்துக்கொள்ள முடியாது. நகல் கொடுங்கள். விசா ஸ்டாம்பிங்குக்கு அசல் தேவைப்பட்டால், தேதி போட்டுக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.

தமிழ்நாடு அரசுக்கே ஒரு நிறுவனம் இருப்பது பலருக்குத் தெரியாது. அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம், 1978இல் தொடங்கியது, கிண்டியில் இருக்கிறது. அவர்கள் அறிவிக்கும் வேலைகள் குறைவாக இருக்கலாம், காத்திருக்க வேண்டியிருக்கலாம். ஆனாலும் முதலில் அங்கே பெயரைப் பதிந்துவிட்டு, பிறகு மற்ற கதவுகளைத் தட்டுங்கள்.

நான்காம் படி: கடன் கணக்கை முதலில் போடுங்கள்

ஒரு பேப்பரை எடுங்கள். சம்பளம் 1,200 திர்ஹாம் என்கிறார்கள். சாப்பாடு, போன், சோப்பு, சீப்பு என்று 400 போய்விடும். 800 அனுப்பலாம். ஒரு திர்ஹாம் 23 ரூபாய் என்று வைத்தால் 18,400 ரூபாய். ஒன்றரை லட்சத்தை நூற்றுக்கு ஐந்து வட்டிக்கு வாங்கியிருந்தால், வட்டி மட்டும் மாதம் 7,500. மீதி 10,900. அதில்தான் வீட்டு வாடகை, தங்கச்சி படிப்பு, அம்மா மருந்து எல்லாம். அசலை எப்போது அடைப்பது? இரண்டு வருட ஒப்பந்தம் கடனிலேயே கரையும். இதே வேலைக்கு மணலியில் வீட்டுச் சாப்பாட்டோடு இருந்திருக்கலாம்.

அதனால் என் யோசனை இது: தண்டல் பணத்திலோ மீட்டர் வட்டியிலோ போகவே போகாதீர்கள். 35,400-க்கு மேல் கேட்டால் அந்த வேலையே வேண்டாம்.

ஐந்தாம் படி: ஒப்பந்தத்தை வரி வரியாகப் படிப்பது

நான் அதிகம் வலியுறுத்துவது இதைத்தான். பெட்டி கட்டும் முன் ஒப்பந்தம் கையில் இருக்க வேண்டும். ஏர்போர்ட்டில் தருகிறோம், அங்கே போனதும் தருகிறோம் என்றால் போகாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். "மொத்தம் 1,800" என்று சொல்வார்கள். உள்ளே பார்த்தால் பேசிக் 800, மீதி அலவன்ஸ். ஓவர்டைமும், வேலையை விட்டு வரும்போது கிடைக்கும் கிராஜுவிட்டியும் பேசிக்கை வைத்துத்தான் கணக்கு. அமீரகத்தில் முதல் ஐந்து வருடத்துக்கு, வருடத்துக்கு 21 நாள் பேசிக் கிராஜுவிட்டி. என்னுடன் வந்த ஒருவருக்கும் எனக்கும் மாதச் சம்பளம் ஒன்று, பேசிக் வேறு. ஒன்பது வருடம் கழித்துக் கணக்கு தீர்த்தபோதுதான் அந்த வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று புரிந்தது.

அடுத்து, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம், ஓவர்டைம் ரேட் என்ன, தங்குமிடமும் சாப்பாடும் கம்பெனியுடையதா, விமான டிக்கெட் யார் செலவு, லீவு எப்போது, மருத்துவக் காப்பீடு உண்டா. கத்தாருக்குப் போகிறவர்களுக்கு ஒரு அளவுகோல் இருக்கிறது: 2021 மார்ச் முதல் அங்கே குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால், சாப்பாடு கொடுக்கவில்லையென்றால் கூடுதலாக 300, தங்குமிடம் இல்லையென்றால் கூடுதலாக 500. அதற்குக் கீழே யாராவது எழுதியிருந்தால் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

'ஃப்ரீ விசா' என்ற வார்த்தையைக் கேட்டதும் எழுந்து வந்துவிடுங்கள். ஒரு கஃபீல் (அந்த நாட்டு ஸ்பான்சர்) பெயரில் விசா வாங்கிக்கொண்டு, வேறு எங்கேயாவது வேலை தேடிக்கொள்வது என்பதே அதன் அர்த்தம். பிடிபட்டால் சிறை, பிறகு நாடு கடத்தல். விசிட் விசாவில் போய் வேலை செய்வதும் அப்படித்தான். அங்கே அடிபட்டால் கம்பெனி உங்களைத் தெரியாது என்று சொல்லிவிடும்.

ஆறாம் படி: மெடிக்கல், அட்டெஸ்டேஷன், இன்சூரன்ஸ்

வளைகுடா நாடுகளுக்கு வஃபித் என்ற தளத்தில் பதிந்து, அவர்கள் ஒதுக்கும் மையத்தில்தான் மருத்துவப் பரிசோதனை. இதில் நம் பக்கத்துப் பையன்கள் அதிகம் தோற்பது நெஞ்சு எக்ஸ்ரேயில். சின்ன வயதில் காசநோய் வந்து குணமாகியிருந்தாலும், நுரையீரலில் தழும்பு தெரிந்தால் 'அன்ஃபிட்' என்று போட்டுவிடுவார்கள். பணம் கட்டும் முன், அரசு மருத்துவமனையில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். நமக்கு ஸ்டான்லி இருக்கிறது. தழும்பு இருந்தால் மனமுடைய வேண்டாம். இது வளைகுடாவுக்கான விதி, வேறு வழிகள் உண்டு.

சான்றிதழ்களுக்கு முதலில் மாநில அரசின் சரிபார்ப்பு, பிறகு வெளியுறவு அமைச்சகம், சில நாடுகளுக்குத் தூதரக முத்திரை. போலீஸ் சான்றிதழும் பாஸ்போர்ட் சேவா வழியாகவே கிடைக்கும்.

இசிஆர் தொழிலாளர்களுக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா கட்டாயம். விபத்தில் இறப்பு அல்லது நிரந்தர ஊனத்துக்கு 10 லட்சம் ரூபாய் காப்பீடு. இரண்டு வருடத்துக்கு பிரீமியம் 275 ரூபாய், வரி தனி. பாலிசிக் காகிதத்தை வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். புறப்படும் முன் நடக்கும் ஒரு நாள் பயிற்சி வகுப்பு இலவசம். தவற விடாதீர்கள்.

வளைகுடா மட்டுமா?

சிங்கப்பூர் கட்டுமான வேலைக்கு இங்கேயுள்ள அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் திறன் தேர்வு எழுத வேண்டும். பிறகு வரும் ஐ.பி.ஏ. கடிதம்தான், அதாவது வேலை அனுமதிக்கான முதற்கட்ட ஒப்புதல்தான், முக்கியம். அது தமிழிலும் வரும். அதில் எழுதியிருக்கும் பேசிக்கும் பிடித்தங்களும்தான் உங்கள் சம்பளம். அங்கேயுள்ள ஏஜென்சி, ஒப்பந்தத்தின் ஒரு வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம் என்ற கணக்கில், அதிகபட்சம் இரண்டு மாதச் சம்பளம்தான் வாங்கலாம்.

ராயபுரம், காசிமேடு பக்கம் கப்பல் வேலை ஆசை அதிகம். மாலுமிகளுக்கான அடையாளப் புத்தகமான சி.டி.சி. இருந்தால் வேலை கிடைத்துவிடும் என்று நம்பி ஏமாறுகிறார்கள். கப்பல் போக்குவரத்து இயக்ககம் அங்கீகரித்த நிலையத்தில் ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் (சாதாரண மாலுமி) பயிற்சி முடிக்க வேண்டும். வேலைக்கு எடுக்கும் கம்பெனிக்கு ஆர்.பி.எஸ்.எல். என்ற, மாலுமிகளை ஆள் எடுப்பதற்கான உரிமம் இருக்க வேண்டும். வேலை வாங்கித் தருவதற்காக மாலுமியிடம் பணம் வாங்குவதே சர்வதேச ஒப்பந்தப்படி தவறு. "கப்பல் ஏற ஐந்து லட்சம்" என்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

வீட்டுவேலைக்குப் போக நினைக்கும் அக்கா தங்கைகளுக்கு: இசிஆர் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண்கள் 30 வயதுக்குக் கீழ் அந்த 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக அனுமதி இல்லை. அதற்கு மேல் இருந்தாலும் அரசு நிறுவனம் வழியாகத்தான். விசிட் விசாவில் குவைத், ஓமன் என்று யார் சொன்னாலும், அது உங்கள் சொந்த அத்தையே ஆனாலும், போகாதீர்கள். பூட்டிய வீட்டுக்குள் என்ன நடந்தாலும் கேட்க ஆள் இருக்காது.

படித்த பிள்ளைகளுக்கும் ஒரு வலை இருக்கிறது. தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, கைநிறையச் சம்பளம், டிக்கெட் இலவசம் என்பார்கள். பாங்காக்கில் இறக்கி, எல்லை தாண்டி மியான்மரின் மியாவாடிக்கோ, லாவோஸுக்கோ, கம்போடியாவுக்கோ கொண்டுபோய் ஆன்லைன் மோசடி செய்ய வைப்பார்கள். 2022இல் மியாவாடியிலிருந்து மீட்கப்பட்டவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் இருந்தார்கள். இன்டர்வியூ டைப்பிங் டெஸ்ட்டோடு முடிந்து, வேலை என்ன என்று தெளிவாகச் சொல்லவில்லையென்றால் அது வேலையே இல்லை.

போய் இறங்கிய முதல் மாதம்

பாஸ்போர்ட், விசா, ஒப்பந்தம், உரிம எண், கம்பெனி முகவரி எல்லாவற்றுக்கும் மூன்று நகல். ஒன்று பெட்டியில், ஒன்று மெயிலில், ஒன்று வீட்டில் விவரம் தெரிந்த ஒருவர் கையில். அங்கே இறங்கியதும் வேறு ஒரு ஒப்பந்தத்தை நீட்டினால், சம்பளம் ஒத்துப்போகிறதா என்று பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். வெற்றுத் தாளில் எப்போதும் வேண்டாம். சம்பளம் வங்கி வழியாக வர வேண்டும். முதல் மாத ஸ்லிப்பை ஒப்பந்தத்தோடு வைத்துப் பாருங்கள். அன்றே கேட்டால் தீரும். ஆறு மாதம் பொறுத்துவிட்டுக் கேட்டால் "இவ்வளவு நாள் ஒத்துக்கொண்டாயே" என்பார்கள்.

வெயில் உங்களைச் சோதிக்கும். எண்ணூர் வெயில் பழக்கம்தானே என்று நினைத்துத்தான் நானும் போனேன். ருவைஸில் கடல் ஈரத்தோடு வரும் சூடு வேறு மாதிரி. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12:30 முதல் 3 மணி வரை வெளியிடங்களில் வேலை வாங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. அந்த நேரத்தில் வேலை வாங்கினால் புகார் கொடுங்கள். உப்பும் எலுமிச்சையும் பெட்டியில் எப்போதும் இருக்கட்டும்.

சிக்கல் என்றால் தூதரகத்துக்குப் போங்கள், வெளியுறவு அமைச்சகத்தின் மதத் என்ற புகார் தளத்திலும் பதியலாம். வழியில்லாமல் மாட்டிக்கொண்டவர்களுக்கு உதவத் தூதரகங்களில் இந்தியச் சமூக நல நிதி 2009 முதல் இருக்கிறது. ஊரிலிருக்கும் குடும்பத்தினர் 1800 11 3090 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்கலாம். ஏஜென்ட் ஏமாற்றினால் இ-மைக்ரேட்டில் புகார், கூடவே வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் மத்திய குற்றப்பிரிவு. வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டிலேயே இருக்காதீர்கள். நான் அன்று புகார் கொடுக்காமல் விட்டேன். அதே ஆள் அதன் பிறகு எத்தனை வீட்டுப் பணத்தை வாங்கினாரோ என்று இன்றும் மனது கேட்கிறது.

அந்தத் தம்பி இப்போது மணலியில் ஒரு காண்ட்ராக்டரிடம் இருக்கிறான். அம்மாவின் நகை அம்மாவிடமே இருக்கிறது. சாயங்காலம் டீக்கடைக்கு வரும்போது பையில் ஒரு பைப் துண்டு கொண்டு வருவான். போன் லைட்டை அடித்து உள்ளே பார்ப்போம். பக்கவாட்டில் ரூட் நன்றாக எழும்பியிருக்கிறது. அடிப்பக்கம், ஆறு மணி இருக்கும் இடத்தில் மட்டும் இன்னும் கொஞ்சம் குழி விழுகிறது.